ஒரே கருப்பு, வேறு வேறு பிறப்பு: தக்காணத்து எரிமலைப் பாறைகளை எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். மும்பை ரயில் லோனாவாலா மலையைத் தாண்டும்போது ஜன்னலில் தெரிகிற பாறையெல்லாம் ஒரே கருப்பாக இருக்கிறது. ஆனால் புவியியல் படித்தவர்கள் "கீழே கண்டாலா, அதன் மேல் புஷே, அதற்கும் மேலே போலாத்பூர்" என்று பெயர் பிரித்துச் சொல்கிறார்களே, எதை வைத்து? அப்புறம், ஆந்திராவில் ராஜமுந்திரிப் பக்கம் இருக்கும் பசால்ட் பாறை மகாராஷ்டிரத்திலிருந்து ஓடி வந்த லாவா என்கிறார்களே, அது நம்பக்கூடியதா?

இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. பாறைக்குள் டன்னுக்கு சில கிராம், சில நூறு கிராம் என்ற அளவில் ஒளிந்திருக்கும் சுவடுத் தனிமங்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சி எப்படிப் பேசுகிறது, எங்கே அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தை எடுத்துவிடலாம். தமிழில் கருங்கல் என்றால் பல்லாவரத்துக் கல், கோயில் தூண் கல் எல்லாம் நினைவுக்கு வரும். அவை பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான சார்னோகைட், நைஸ் வகைகள். லோனாவாலாவில் நீங்கள் பார்த்தது பசால்ட். மேலே கொட்டி, வெளிக்காற்றில் உறைந்த எரிமலைக்குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், புவியியல் கணக்கில் மிகக் குறுகிய காலத்துக்குள், அடுக்கடுக்காக வழிந்து பரவியது. இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. மலைகள் படிக்கட்டு போலத் தெரிவதற்குக் காரணம் இந்த அடுக்குகள்தான். 'தக்காண டிராப்' என்ற பெயரில் இருக்கும் டிராப் என்பதும் படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது.

இந்த அடுக்குகளை உடைத்து வழக்கமான வேதிப் பகுப்பாய்வு செய்தால் ஏமாற்றமாக இருக்கும். எடையில் பாதி சிலிக்கா. மீதி அலுமினா, இரும்பு, கால்சியம், மக்னீசியம், கொஞ்சம் சோடியம், டைட்டானியம். ஒரு அடுக்குக்கும் இன்னொரு அடுக்குக்கும் ஓரிரு சதவீதம்தான் மாறும். இது தற்செயல் இல்லை. ஆலிவின், பைராக்சின், பிளஜியோகிளேஸ் என்ற மூன்று நான்கு கனிமங்கள்தான் பசால்ட்டைக் கட்டுகின்றன. குழம்பு குளிரும்போது இந்தக் கனிமங்கள் ஒரு ஒழுங்கில் சேர்ந்து பிரிவதால், வேறு வேறு இடத்தில் பிறந்த குழம்புகளும் கடைசியில் ஒரே மாதிரி கலவைக்கு வந்து நிற்கின்றன. முக்கியத் தனிமங்கள் இந்தக் கனிமங்களின் பிடியில் இருக்கின்றன. அதனால் அவற்றிடம் பழைய கதை அதிகம் மிஞ்சுவதில்லை.

சுவடுத் தனிமங்கள் அப்படி இல்லை. எடையில் 0.1 சதவீதத்துக்கும் கீழே, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்குக்கும் குறைவாக இருப்பவற்றைத்தான் அப்படிச் சொல்கிறோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை பிபிஎம் என்பார்கள். ஒரு டன் பாறையில் 1 கிராம். இவ்வளவு சொற்பமாக இருப்பதால் இவற்றுக்கென்று பெரும்பாலும் தனிக் கனிமம் உருவாகாது. அடுத்தவர் வீட்டில் இடம் கிடைத்தால் உட்காரும், கிடைக்காவிட்டால் குழம்பிலேயே நிற்கும்.

யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதற்கு நார்வேயில் பணியாற்றிய விக்டர் கோல்ட்ஷ்மிட் 1920களிலும் 30களிலும் விதிகள் வகுத்தார். அயனியின் பருமன் பொருந்த வேண்டும், மின்னூட்டமும் பொருந்த வேண்டும். ஆலிவினில் மக்னீசியம் உட்காரும் இடம் 0.72 ஆங்ஸ்ட்ராம் ஆரம் உள்ள, 2 மின்னூட்டம் உள்ள அயனிக்கானது. நிக்கலின் ஆரம் 0.69, மின்னூட்டமும் 2. அச்சு அசலாகப் பொருந்துவதால் நிக்கல் ஆலிவினுக்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். சிர்கோனியத்தின் ஆரமும் 0.72தான், ஆனால் மின்னூட்டம் 4. கதவு வரை வந்தாலும் உள்ளே விடாது. ருபீடியமும் பேரியமும் உருவத்திலேயே மிகப் பெரியவை. தோரியத்துக்கும் நையோபியத்துக்கும் மின்னூட்டம் அதிகம். இவையெல்லாம் கடைசிவரை குழம்பிலேயே நிற்கும். ஸ்ட்ரான்சியத்தை பிளஜியோகிளேஸ் வரவேற்கும், ஸ்காண்டியத்தை பைராக்சின் வரவேற்கும், குரோமியத்தை பைராக்சினும் குரோமைட்டும் எடுத்துக்கொள்ளும், வனேடியம் இரும்பு ஆக்சைடுகளோடு போகும்.

இதில் எவ்வளவு கூர்மை இருக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கவசத்திலிருந்து, அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேண்டில் பகுதியிலிருந்து, புதிதாக வந்த குழம்பில் 300 பிபிஎம் நிக்கலும் 2 பிபிஎம் தோரியமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆலிவின் தன்னைச் சுற்றியுள்ள குழம்பைவிடப் பத்து மடங்கு நிக்கலை இழுத்துக்கொள்கிறது என்றும் வைப்போம். குழம்பில் 10 சதவீதம் ஆலிவினாகப் படிந்து அடியில் இறங்கிவிட்டால், மிச்சக் குழம்பில் நிக்கல் எவ்வளவு? சுமார் 116. பாதிக்கும் கீழே போய்விட்டது. தோரியம்? 2.2. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. ஆகவே நிக்கல் எண்ணைப் பார்த்தாலே இந்தக் குழம்பு வழியில் எங்கோ தங்கி ஆலிவினை இழந்துவிட்டு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சிலிக்கா சதவீதம் இவ்வளவு உரக்கப் பேசாது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தோரியம் கூடியிருந்தால் அது படிகமாதலால் கூடியதா, பிறவியிலேயே கூடுதலா என்று தனி எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் விகிதங்களைப் பார்க்கிறோம். அடுப்பில் புளிக்குழம்பு சுண்டினால் உப்பும் ஏறும், புளிப்பும் ஏறும். ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. விகிதம் மாறியிருந்தால், யாரோ நடுவில் எதையோ சேர்த்திருக்கிறார்கள். எரிமலைக்குழம்புக்கும் இதே நியாயம்தான். சிர்கோனியமும் நையோபியமும் இரண்டுமே குழம்பில் நிற்பவை. படிகங்கள் பிரியப் பிரிய இரண்டும் சேர்ந்தே ஏறும். அவற்றின் விகிதம், குழம்பு எங்கே பிறந்தது, வழியில் எதோடு கலந்தது என்பதைத்தான் காட்டும்.

அருமண் தனிமங்கள் இந்த விஷயத்தில் தனி அழகு. லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியம் வரை மின்னூட்டம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 3. ஆரம் மட்டும் 1.16 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 0.98 வரை படிப்படியாகக் குறைகிறது. அளவுகோலில் கோடு போட்டது போல ஒரு வரிசை. கவசத்தில் சுமார் 80 கி.மீ.-க்குக் கீழே கார்னெட் கனிமம் நிலையாக இருக்கும். அது சின்ன அயனிகளான கன அருமண் தனிமங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு பசால்ட்டில் லாந்தனம் நிறைய இருந்து இட்டெர்பியம் குறைவாக இருந்தால், அந்தக் குழம்பு கார்னெட் இருந்த ஆழத்தில் உருகியது என்று ஊகிக்கலாம். யூரோப்பியம் மட்டும் ஒரு விதிவிலக்கு. அது 2 மின்னூட்டத்திலும் இருக்கும் என்பதால் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து பிளஜியோகிளேஸுக்குள் போய்விடும். அருமண் தனிமங்களின் அளவுகளை வரிசையாகக் குறித்து வரைந்த கோட்டில் யூரோப்பியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால், பிளஜியோகிளேஸ் ஏற்கெனவே பிரிந்துபோய்விட்டது என்று அர்த்தம். கண்ணால் பார்க்காத, பூமிக்கு அடியில் விட்டு வந்த ஒரு கனிமத்தைப் பற்றி, கையில் இருக்கும் கல் சொல்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு குறைந்ததில்லை.

இனி கலப்படத்துக்கு வருவோம், ஏனென்றால் தக்காணத்தின் கதையே அதில்தான் இருக்கிறது.

கவசத்திலிருந்து ஏறும் குழம்பு, இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய மேலோட்டைத் துளைத்துக்கொண்டுதான் வர வேண்டும். அந்த மேலோடு கிரானைட், நைஸ் வகைப் பாறை. அவற்றில் கொஞ்சம் கரைந்து குழம்பில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கண்ட மேலோட்டின் மேற்பகுதியில் சராசரியாக பேரியம் சுமார் 630 பிபிஎம், சிலிக்கா சுமார் 67 சதவீதம். குழம்பில் பேரியம் 50, சிலிக்கா 49 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு மேலோடு கலந்தால் சிலிக்கா 49-லிருந்து 51-க்குக்கூடப் போகாது. சாதாரண ஆய்வில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பேரியமோ 50-லிருந்து 108 ஆகிவிடும். இரண்டு மடங்குக்கு மேல்!

தோரியம், நையோபியம் ஜோடி இன்னும் தெளிவு. நடுக்கடல் மலைத்தொடரின் பசால்ட்டில் தோரியம் நையோபியத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ட மேலோட்டின் மேற்பகுதியிலோ இரண்டும் கிட்டத்தட்ட சம அளவு. சீரியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதமும் அப்படியே: கடல் பசால்ட்டுகளில் 25-ஐ ஒட்டி நிற்கும், கண்ட மேலோட்டில் 4 அளவில் இருக்கும். ஆக, மேலோட்டைத் தொட்டுவிட்டு வந்த குழம்பு அதை மறைக்கவே முடியாது.

இதற்கு மேல் ஐசோடோப்பும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளும், துணைக்கு வருகிறது. ருபீடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ருபீடியம் நிறைந்த பழைய மேலோட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஸ்ட்ரான்சியம்-87 சேர்ந்துகொண்டே போகும். ஸ்ட்ரான்சியம்-87-க்கும் ஸ்ட்ரான்சியம்-86-க்கும் உள்ள விகிதத்தைத்தான் நாங்கள் அளக்கிறோம். படிகமாவதால் இந்த விகிதம் மாறாது, கலப்பால் மட்டுமே மாறும்.

1980களில் இந்தக் கருவிகளையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறினார்கள். ஆக்ஸ்போர்டின் கீத் காக்ஸ், கொலின் டேவி, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாக்ஸ்வொர்த், ஐஐடி மும்பையின் கே. வி. சுப்பாராவ், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டில் இதே முறையைப் பயன்படுத்திப் பழகியிருந்த பீட்டர் ஹூப்பர், ஜான் மஹோனி என்று பல குழுக்கள். வேலை கேட்பதற்கு எளிது: மலைச் சாலையின் அடிவாரத்தில் தொடங்கி, அடுக்கு அடுக்காகக் கல் உடைத்து, உயரத்தைக் குறித்துக்கொண்டே மேலே போக வேண்டும். போலாத்பூரிலிருந்து மகாபலேஷ்வருக்கு ஏறும் அம்பேனளி காட் சாலை இதற்குப் பேர்போனது. அங்கே ஒரே சரிவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் லாவா அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். உச்சியில் செம்புரைக்கல் மூடிய மகாபலேஷ்வர் பீடபூமி.

ஆய்வக எண்கள் வந்ததும் மலை பிரிந்து நின்றது. சுவடுத் தனிமங்கள் சட்டென்று மாறும் உயரங்கள் இருந்தன. பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் அதே மாற்றம், அதே வரிசையில் வந்தது. அந்த எல்லைகளை வைத்து, அந்தந்த ஊர்ப் பெயரிலேயே பிரிவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். அடியிலிருந்து ஜவ்ஹார், இகத்புரி, நேரல், டாகுர்வாடி, பீமாசங்கர். இவை கல்சுபாய்த் தொகுதி. அதன் மேல் கண்டாலா, புஷே, லோனாவாலாத் தொகுதி. அதற்கும் மேல் போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர், பன்ஹாளா, தேசூர், வாய் தொகுதி. அடுக்குகள் தெற்கு நோக்கி மிக மெல்லச் சாய்ந்திருப்பதால் வடக்கே நாசிக் பக்கம் பழைய பிரிவுகளும் தெற்கே கோலாப்பூர், பெல்காம் பக்கம் புதிய பிரிவுகளும் வெளியே தெரிகின்றன. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 3 கி.மீ.-க்கு மேல் கனம் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புஷே. பேரியம், ருபீடியம், தோரியம் எல்லாம் கூடுதல், டைட்டானியம் குறைவு. ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் 0.713-லிருந்து 0.72 வரை போகிறது. தக்காணத்திலேயே மேலோட்டை அதிகம் கரைத்துக்கொண்ட லாவா இதுதான். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் போலாத்பூரில் அந்த விகிதம் சுமார் 0.705 முதல் 0.711 வரை. அதற்கும் மேலே அம்பேனளிக்கு வந்தால் 0.704-ஐ ஒட்டி அமைதியாக நிற்கிறது. பேரியம் 100 பிபிஎம்முக்குக் கீழே. கலப்பு மிகக் குறைந்த, கவசத்தின் குரலை நேராகக் கேட்கக்கூடிய லாவா. கையில் எடுத்துப் பார்த்தால் புஷேயும் அம்பேனளியும் கருப்புக் கல்தான்.

புஷேயில் ஒரு புதிரும் இருந்தது. குழம்பு மேலோட்டுக்குள் தங்கி, மெல்லக் குளிர்ந்து, படிகங்களை இழந்துகொண்டே சுற்றியுள்ள பாறையைக் கரைத்தது என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். அப்படியானால் அதிகம் கலப்படமான லாவாவில் மக்னீசியம் குறைவாக இருக்க வேண்டும். டேவியும் காக்ஸும் 1987-இல் காட்டியது நேர் எதிர்: கலப்படம் அதிகமான லாவாவில்தான் மக்னீசியமும் அதிகம். அதாவது, குளிர்ந்து களைத்த குழம்பு மேலோட்டைக் கரைக்கவில்லை. புதிதாக வந்த, மிகச் சூடான, நீராக ஓடும் குழம்புதான் போகிற வழியில் சுவர்களை அதிகம் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. சூடு எவ்வளவோ அவ்வளவு கரைப்பு. பாடப்புத்தகத்தில் ஒரே நிகழ்வாகச் சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு செயல்கள், படிகமாதலும் கலப்பும், இங்கே பிரிந்து நிற்கின்றன. மக்னீசியத்தையும் சுவடுத் தனிமங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சரி, எண்கள் இவ்வளவு பேசுகின்றன என்றால் எண்களைச் சரியாகப் பெறுவது எப்படி? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

6.6 கோடி ஆண்டுகளாக மழையில் நனைந்த பாறை இது. லாவாவில் வாயுக் குமிழிகள் விட்ட துளைகளில் பின்னால் தண்ணீர் புகுந்து, பாறையிலிருந்து சிலவற்றைக் கரைத்து, புதுக் கனிமங்களாகப் படியவைத்தது. பூனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துக் குவாரிகளில் கிடைக்கும் ஸ்டில்பைட், அபோபிலைட் படிகங்கள் உலக அருங்காட்சியகங்களில் இருப்பது இப்படித்தான். பூனேக்குப் பக்கத்தில் வாகோலி குவாரியில் கிடைத்த நீலக் காவன்சைட்டை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. கால்சியம், வனேடியம், சிலிக்கேட் என்ற மூன்றின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். குழம்பில் சில நூறு பிபிஎம் மட்டுமே இருக்கும் வனேடியம், ஒரு துளைக்குள் சேர்ந்து தனிக் கனிமமாகவே ஆகிவிட்டது. அழகுக்கு நல்லது, ஆய்வுக்கு ஆகாது. அப்படித் துளை நிரம்பிய கல்லை அரைத்தால் நீங்கள் அளப்பது லாவாவை அல்ல.

ருபீடியம், பேரியம், பொட்டாசியம், ஓரளவு ஸ்ட்ரான்சியம் எல்லாம் தண்ணீரோடு நகரக்கூடியவை. டைட்டானியம், சிர்கோனியம், நையோபியம், இட்ரியம், தோரியம், அருமண் தனிமங்கள் எளிதில் இடம் மாறாதவை. ஜூலியன் பியர்ஸும் ஜோ கேனும் 1973-இல் டைட்டானியம், சிர்கோனியம், இட்ரியம் மூன்றையும் முக்கோணப் படத்தில் போட்டு பசால்ட்டின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் வழி சொன்னது இந்த நம்பிக்கையில்தான். ஆகவே பேரியம் ஒன்றை மட்டும் வைத்து "கலப்படம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோரியமும் நையோபியமும் அதே கதையைச் சொல்கின்றனவா என்று கேளுங்கள்.

கல் எடுக்கும்போது அடுக்கின் நடுப்பகுதியில், துளையும் நரம்பும் இல்லாத, உடைத்தால் கணீரென்று ஒலிக்கும் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். பழுப்பேறிய தோலை வெட்டி எறிய வேண்டும். அப்புறம் அரைப்பது. நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஒரு ஆய்வகத்தில் எங்கள் கற்களை டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்துக் கொடுத்தார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. முடிவுகளில் கோபால்ட்டும் டாண்டலமும் வரிசையாக உயர்ந்து நின்றன. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு மாதம் அலைந்தோம். பிறகுதான் தெரிந்தது, அது லாவாவின் கோபால்ட் இல்லை, கிண்ணத்தின் கோபால்ட். நல்ல மலைச் சரிவு ஒன்றின் மொத்த வரிசையையும் மறுபடி அகேட் கிண்ணத்தில் அரைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தத் தரவை யார் காட்டினாலும் "எதில் அரைத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அளப்பதற்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி ஒன்று, ஐசிபி-எம்எஸ் என்ற நிறை நிறமாலைக் கருவி ஒன்று. முதலாவது தூளை வில்லையாக்கி அளக்கும். நிக்கல், சிர்கோனியம், பேரியம் போன்றவற்றுக்குப் போதும். இரண்டாவதற்குத் தூளை ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் முழுக்கக் கரைக்க வேண்டும். அருமண் தனிமங்களையும் தோரியத்தையும் ஒரு பிபிஎம்முக்கும் மிகக் கீழே வரை எண்ணிவிடும். எதுவாக இருந்தாலும் உங்கள் கற்களோடு ஒரு தரக் கல்லையும் கூடவே அளக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தரும் பிஎச்விஓ-2 என்ற தூள் அநேகமாக எல்லா பசால்ட் ஆய்வகங்களிலும் இருக்கும். ஹவாயின் கிலாவேயா எரிமலையில் உறைந்த லாவாவை அரைத்துச் செய்தது. அதில் நிக்கல் 119, சிர்கோனியம் 172 என்று உலகமே ஒப்புக்கொண்ட எண்கள் உண்டு. உங்கள் கருவி அந்த எண்ணைச் சொன்னால்தான் உங்கள் மலையைப் பற்றிச் சொல்வதையும் கேட்கலாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சுவடுத் தனிமங்களைப் பலரும் கைரேகை என்கிறார்கள். எனக்கு அந்த ஒப்புமையில் உடன்பாடில்லை. கைரேகை ஒருவருக்கு ஒன்று. இங்கே நாம் காண்பது குடும்ப ஜாடை. ஒரே குழம்பறை மறுபடி மறுபடி நிரம்பி ஒரே மாதிரிக் குழம்பைப் பல ஆயிரம் ஆண்டு இடைவெளியில் கொட்டியிருக்கலாம். அதனால் ஒரு பிரிவை அடையாளம் காண முடியும். அதற்குள் இருக்கும் தனித்தனி லாவா ஓட்டத்தை வேதியியல் மட்டும் வைத்து அடையாளம் காண்பது பல நேரம் முடியாது.

ஜபல்பூர், மண்ட்லா பக்கத்து வடகிழக்குத் தக்காணம் இதற்கு நல்ல பாடம். அங்குள்ள லாவாக்களின் சுவடுத் தனிமங்களைப் பார்த்தால் பல அடுக்குகள் போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர் போலவே இருக்கின்றன. மேற்கிலிருந்து அங்கே வரை ஓடியது என்று எழுதிவிடத் தோன்றும். 1998-இல் பெங், மஹோனி குழுவினர் ஈய ஐசோடோப்புகளையும் அளந்தபோது அவற்றில் பல, ஜாடை ஒன்றாக இருந்தும், வேறு என்று தெரிந்தது. வேறு இடத்து மேலோட்டைத் தொட்டு வந்தவை. தனிம அளவு பொருந்துவது அவசியம், ஆனால் போதாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ராஜமுந்திரிக்கு வாருங்கள்.

கோதாவரியின் இரு கரையிலும், காட்டேரு, பங்கிடி ஊர்களின் குவாரிகளில், பசால்ட் வெளியே தெரிகிறது. தக்காண டிராப்பின் கிழக்கு விளிம்பிலிருந்தே பல நூறு கி.மீ. தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏறத்தாழ 1000 கி.மீ. இடையில் தொடர்ச்சியான லாவா எதுவும் இல்லை. உள்ளூரிலேயே வெடித்திருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் அங்கே லாவாவை மேலே கொண்டுவந்த பிளவுகளோ, எரிமலை வாயோ காணப்படவில்லை. கீழே ஒரு லாவா, மேலே ஒரு லாவா, நடுவில் சிப்பிகள் நிறைந்த படிவம்.

அந்தக் கீழ் லாவாவின் சுவடுத் தனிமங்கள் அம்பேனளியோடு பொருந்துகின்றன. மேல் லாவாவினுடையவை மகாபலேஷ்வரோடு. இதோடு நின்றிருந்தால் ஜபல்பூர்ப் பாடத்தைச் சொல்லி நானும் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கே காந்தமும் சேர்ந்து சாட்சி சொல்கிறது. லாவா உறையும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையை இரும்புக் கனிமங்களில் பதிவு செய்துகொள்ளும். மேற்கே அம்பேனளி காலத்தில் பூமியின் காந்தம் இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. மகாபலேஷ்வர்ப் பிரிவுக்குள் ஓர் உயரத்தில் அது இன்றைய திசைக்கு மாறுகிறது. ராஜமுந்திரியிலும் கீழ் லாவா எதிர்த் திசை, மேல் லாவா இன்றைய திசை. வேதியியல் சொன்ன அதே ஜோடி, அதே வரிசையில். ஸ்டீபன் செல்ஃப், மைக் விடோசன் குழு 2008-இல் இவற்றைச் சேர்த்து வைத்து, உலகிலேயே மிக நீண்ட லாவா ஓட்டங்கள் இவைதானா என்று கேட்டார்கள்.

1000 கி.மீ. எப்படி ஓடும் என்று நீங்கள் கேட்கலாம். லாவாவின் மேல்தோல் உறைந்துவிட்டால் அதுவே போர்வை. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே சூடு குறையாமல் குழம்பு ஓடிக்கொண்டே, தோலை உள்ளிருந்து ஊதித் தூக்கிக்கொண்டே முன்னேறும். கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டுகள் அமெரிக்காவின் உள்பகுதியிலிருந்து பசிபிக் கடல் வரை போனதும் இப்படித்தான். இங்கே சரிவான பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கும் கிடைத்திருக்க வேண்டும். வழியில் பெரிதாகக் குளிர்ந்திருந்தால் படிகங்கள் பிரிந்து, நான் மேலே சொன்ன கணக்குப்படி, நிக்கல் சட்டென்று விழுந்திருக்கும், பொருத்தமும் கெட்டிருக்கும். ஆயிரம் கி.மீ. தாண்டியும் எண்கள் மேற்கத்திய அடுக்குகளின் வரம்புக்குள் நிற்பதே, சூடு காக்கப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி.

ஆகவே, "நம்பக்கூடியதா" என்ற உங்கள் கேள்விக்கு: ஆம், நான் நம்புகிறேன். வேதியியல், காந்தம், அடுக்கு வரிசை மூன்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. பிறப்பிடம் உள்ளூர் என்பதற்குத் தடயம் இல்லை.

இந்தப் பொருத்தத்தால் கிடைத்த லாபம் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடுக்குகளுக்கு நடுவே கடல் உயிரிகளின் புதைபடிவம் கிடையாது. அவை நிலத்தில் கொட்டியவை. ராஜமுந்திரியோ அன்றைய கடலோரம். இரண்டு லாவாவுக்கும் நடுவில் உள்ள படிவத்தில் ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருக்கின்றன. கெர்ட்டா கெல்லர், தியெரி அடாட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அவை டைனோசர்கள் அழிந்த எல்லைக்குச் சற்றுப் பிந்தைய காலத்தவை என்று அடையாளம் கண்டார்கள். எந்த லாவா எந்தப் பிரிவு என்பது சுவடுத் தனிமங்களால் தெரிந்திருந்ததால், கோதாவரிக் கரையில் கிடைத்த அந்தச் சின்ன ஓடுகளின் காலத்தை அப்படியே மகாபலேஷ்வர் மலைச் சரிவுக்கு எடுத்துக்கொண்டு போக முடிந்தது. அடுத்த முறை ரயிலில் விசாகப்பட்டினம் போனால் கோதாவரிப் பாலம் தாண்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். லோனாவாலாவிலிருந்து மகாபலேஷ்வர் வரை பார்க்கும் மலையின் கடைசி இரண்டு நீண்ட விரல்கள் அங்கேதான் வந்து கடலைத் தொட்டன.